காலண்டர் தாளில் ஒரு குடல் பாக்டீரியா செய்வது எப்படி

முதலில் சாமான் பட்டியல். பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்று, பின்பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டும். உரக்கடையில் கொடுக்கும் காலண்டர்தான் தோது, தாள் பெரிசு, கெட்டியும்கூட. ஒரு பென்சில். நல்ல ரப்பர் ஒன்று, ஏனென்றால் எழுதுவதைவிட அழிப்பதுதான் அதிகம் நடக்கும். மூன்று சாயங்காலம். இவ்வளவு இருந்தால் மனிதக் குடலில் போய் வேலை செய்யும் ஒரு பாக்டீரியாவை வடிவமைத்துப் பார்க்கலாம்.

நான் கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் 14 வருஷமாக மைக்ரோபயாலஜி நடத்துகிறேன். மூன்றாம் ஆண்டில் செயற்கை உயிரியல் என்று ஒரு யூனிட் வரும், ஜீனை மாற்றி ஓர் உயிரை நாம் நினைத்த வேலையைச் செய்ய வைப்பது. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். அந்த எரிச்சலில்தான் இந்தக் காலண்டர் வேலையை ஆரம்பித்தேன். பிளஸ் டூ உயிரியல் படித்த யாரும் இதைச் செய்யலாம்.

"நிஜமாவே செஞ்சு பாக்கக் கூடாதா மேடம்?" என்று வருஷம் ஒருத்தராவது கேட்பார்கள். கூடாது. நம் நாட்டில் இதற்கு 1989-ஆம் வருஷத்து விதிகள் இருக்கின்றன. ஜீன் மாற்றிய நுண்ணுயிரைத் தொட வேண்டுமானால் அந்த நிறுவனத்தில் உயிர்ப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், அதற்கு மேல் டெல்லியில் உயிரித் தொழில்நுட்பத் துறையின் குழு, வெளியே விடுவதென்றால் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் குழு. எங்கள் லேபில் இருப்பது ஒரு ஆட்டோகிளேவ், இரண்டு இன்குபேட்டர், அதில் ஒன்று ரிப்பேர். ஆகவே காகிதம். காகிதத்தில் தப்பு நடந்தால் செலவு ரப்பரோடு போகும்.

தாளை நாலு கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாக: என்ன வேலை, யார் செய்வது, எப்போது செய்வது, எப்படி வெளியேறுவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே கணக்குப் போட ஒரு ஜாண் இடம் விடுங்கள்.

நாலாவது கட்டத்தை முதலில் நிரப்புங்கள்

இது நான் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டது. சில வருஷங்களுக்கு முன் சென்னையில் ஒரு போட்டிக்கு மூன்று பெண்களைக் கூட்டிப் போயிருந்தேன். சிறுநீரகக் கல்லுக்குக் காரணமான ஆக்ஸலேட்டைக் குடலிலேயே சாப்பிடும் பாக்டீரியா, அதுதான் அவர்கள் வடிவமைப்பு. பத்து நிமிஷம் தடுமாறாமல் பேசினார்கள். நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நோயாளிக்கு இது இனி வேண்டாம் என்றால் எப்படி வெளியே அனுப்புவீர்கள்?" ஒரு பெண் "ஆன்ட்டிபயாடிக்" என்றாள். "அப்போ கூட இருக்கிற நல்ல பாக்டீரியா எல்லாம்? அப்புறம், கழிப்பறை வழியா வெளியே போனது ஏரித் தண்ணியில பெருகினா?" மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். வழிகாட்டி என்று என் பெயர்தான் போட்டிருந்தது, எனக்கே அது தோன்றியிருக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஆம்பூர் தாண்டும் வரை யாரும் பேசவில்லை. அப்புறம் சந்தூர்க்காரப் பெண் சொன்னாள்: "எங்க தோப்புக் காவல்காரர் கதை ஆயிடுச்சு மேடம்." அவர்கள் வீட்டில் மாந்தோப்பு. பூ எடுத்ததிலிருந்து காய் இறங்கும் வரை காவலுக்கு ஒரு குடும்பத்தை வைப்பார்கள். குடிசை போட்டுக் கொடுத்து, மாதம் இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று பேச்சு. ஒரு வருஷம் சீசன் முடிந்தும் அந்த ஆள் கிளம்பவில்லை. ஆடு வாங்கிக் கட்டினார், குடிசையை ஓட்டு வீடாக்கினார், ஊர்ப் பஞ்சாயத்து கூடி அனுப்பி வைக்க இரண்டு வருஷம் ஆனது. "அப்பா சம்பளம் பேசினாரு, சாப்பாடு பேசினாரு. எப்ப போகணும்னு மட்டும் பேசலை." அந்த வருஷத்திலிருந்து எங்கள் லேபில் நாலாவது கட்டம்தான் முதல் கட்டம்.

சரி, அதில் என்ன எழுதுவது? ஏற்கெனவே செய்து காட்டிய இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று பெல்ஜியத்தில் லோதார் ஸ்டைட்லர் குழு செய்தது. லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்பது பாலைப் புளிக்க வைக்கும் சாதுவான பாக்டீரியா, சீஸ் செய்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். குடல் அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 என்ற புரதத்தை அது சுரக்கும்படி மாற்றினார்கள். 2000-இல் எலியில் பலன் கிடைத்தது. மனிதனுக்குக் கொடுப்பதற்கு முன் அவர்கள் செய்த வேலைதான் எனக்குப் பிடித்தது. தைமிடின் தயாரிக்கும் ஜீன் இல்லாவிட்டால் அந்த பாக்டீரியாவால் டி.என்.ஏ. கட்ட முடியாது, செத்துப்போகும். அந்த ஜீனை எடுத்துவிட்டு, அதே இடத்தில், அதே நாற்காலியில், இன்டர்லூக்கின் ஜீனை உட்கார வைத்தார்கள். லேபில் தைமிடின் ஊற்றி வளர்க்கலாம். வெளியே போனால் கிடைக்காது. வேறு பாக்டீரியாவிடமிருந்து பழைய ஜீனைத் திரும்ப வாங்கிப் பிழைத்துக்கொண்டால் என்ன ஆகும்? பழையது வந்து உட்கார வேண்டிய இடமும் அதுதான், ஆகவே புதியது எழுந்துவிட வேண்டும். பிழைத்த பாக்டீரியா சாதாரண பாக்டீரியாவாகத்தான் பிழைக்கும். இதை போர்டில் வரையும்போது வகுப்பில் எப்போதும் ஒரு சின்ன "அட" கேட்கும். 2006-இல் ஆம்ஸ்டர்டாமில் கிரோன் என்ற குடல் அழற்சி நோய் உள்ள 10 பேருக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு பெரிய அளவில் செய்தபோது நோயில் சொல்லிக்கொள்ளும்படி பலன் தெரியவில்லை. ஆனால் அந்தத் தைமிடின் பூட்டைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

இன்னொன்று, பாக்டீரியாவின் சுவருக்கு வேண்டிய டைஅமினோபிமெலிக் அமிலத்தைச் செய்யும் ஜீனை எடுத்துவிடுவது. நம் உடம்பு அந்தப் பொருளைச் செய்வதில்லை. தொழிற்சாலைத் தொட்டியில் ஊற்றி வளர்க்கலாம், குடலுக்குள் வந்தபின் இருக்கும் ஆயுளுக்கு வேலை செய்யும், பெருக முடியாது. தினக்கூலி மாதிரி.

உங்கள் தாளில் இரண்டில் எதை எழுதினாலும் சரி, இரண்டையும் எழுதினாலும் சரி. கட்டம் காலியாக இருக்கும் தாளை மட்டும் நான் வாங்குவதில்லை.

என்ன வேலை

இங்கேதான் பிள்ளைகள் ஆசைப்பட்டு விழுவார்கள். ஒரு வேலையை எழுதுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பிரச்சினைக்குக் காரணமான ஒரு மூலக்கூறு இருக்கிறதா? அது குடல் வழியாகப் போகிறதா? அதை உடைக்க இயற்கையில் எங்காவது ஒரு நொதி இருக்கிறதா?

பென்னாகரம் பக்கத்துப் பையன் ஒருவன் ஃப்ளூரைடு எழுதினான். ஏன் எழுதினான் என்று கேட்கவே வேண்டாம், சிரித்தால் பல்லில் காவி தெரியும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அவன் ஆயா ஆழ்துளைத் தண்ணீர் குடித்தே வளர்ந்தவர், முழங்காலை மடக்க முடியாது. "ஃப்ளூரைடைச் சாப்பிடும் பாக்டீரியா" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான்.

முதல் இரண்டு கேள்விக்கும் பதில் ஆமாம். மூன்றாவதில் மாட்டிக்கொண்டான். ஃப்ளூரின் ஒரு தனிமம், அதை எந்த நொதியாலும் உடைக்க முடியாது. சர்க்கரையை உடைத்தால் தண்ணீரும் கார்பன் டைஆக்ஸைடும் ஆகும், ஃப்ளூரைடை உடைத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அது ஃப்ளூரைடாகவே இருக்கும். போதாததற்குப் பெரும்பகுதி இரைப்பையிலும் சிறுகுடலின் மேல் பகுதியிலுமே ரத்தத்துக்குள் போய்விடும். பாக்டீரியா கூட்டமாக இருப்பது அதற்கு வெகு தூரம் கீழே, பெருங்குடலில்.

மூஞ்சி தொங்கிப்போயிற்று. அப்புறம் அவனுக்கு இன்னொரு சங்கதி சொன்னேன். 2012-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கரின் குழு, பல பாக்டீரியாவுக்கு ஃப்ளூரைடைக் கண்டுபிடிக்கும் ஓர் ஆர்.என்.ஏ. சுவிட்ச் இருப்பதைக் கண்டது. ஃப்ளூரைடு வந்து ஒட்டினால் சுவிட்ச் திறக்கும், அதை வெளியே துப்பும் பம்ப் தயாராகும். பாக்டீரியா அதைச் சாப்பிடுவதில்லை, நம்மைப் போலவே அதற்கும் ஆகாது. ஆனால் அந்தச் சுவிட்சை வைத்துத் தண்ணீரைச் சோதிக்கலாம். பம்ப் ஜீன் இருக்கும் இடத்தில் நிறம் தரும் நொதியின் ஜீனை வைத்தால், ஃப்ளூரைடு உள்ள தண்ணீர் மஞ்சளாகும். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு உயிருள்ள செல்லே இல்லாமல், குழாய்க்குள் உலர்த்தி வைத்த சாமான்களை மட்டும் வைத்து இதைச் செய்து, கோஸ்டாரிகா வரை எடுத்துப் போய் அங்குள்ள தண்ணீரில் சோதித்தது. பையன் 'குடல்' என்ற வார்த்தையை அடித்துவிட்டு 'போர்' என்று எழுதினான். இந்தப் பயிற்சியில் அதுவும் செல்லும்.

சுகருக்கு இன்சுலின் சுரக்கும் பாக்டீரியாவும் வருஷம் தவறாமல் வரும். இன்சுலின் ஒரு புரதம், குடலில் அது பருப்பு மாதிரி செரித்துப்போகும். அடுத்த தாளை எடுங்கள்.

ராகித் தாள்

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த நல்ல தாள் இதுதான்.

ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண். கல்லூரியில் ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தபோது அவளுக்கு ஹீமோகுளோபின் குறைவு என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் இரண்டு வேளை ராகிக் களி. ராகியில் இரும்பும் இருக்கிறது, கால்சியம் ஏகத்துக்கு இருக்கிறது, பின் ஏன் என்று புத்தகத்தைப் புரட்டியிருக்கிறாள். காரணங்களில் ஒன்று ஃபைட்டேட். தானியம் தன் பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் உருவம் அது. இரும்பு, துத்தநாகம், கால்சியம் எல்லாவற்றையும் கையைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். அதை உடைக்கும் நொதி ஃபைட்டேஸ். குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவிடமே அந்த ஜீன் இருக்கிறது. நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்தில் ஃபைட்டேஸ் கலப்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கோழிக்குக் கொடுப்பதைக் குடல் பாக்டீரியாவை விட்டு நமக்கும் கொடுக்க வைத்தால் என்ன? மூன்று கேள்விக்கும் ஆமாம், ஆமாம், ஆமாம். நானே கை தட்டியிருப்பேன்.

தாளின் கீழே விட்ட ஒரு ஜாண் இடத்தில் குடலை ஒரு நீளக் கோடாக வரையச் சொன்னேன். நீங்களும் வரையுங்கள், எந்த வேலைக்கும் இது உதவும். இரைப்பை, அதை அடுத்து ஒரு சாண் நீளத்துக்கு டியோடினம், அப்புறம் பல மீட்டர் சிறுகுடல், கடைசியில் ஒன்றரை மீட்டர் பெருங்குடல். கோட்டுக்கு மேலே உணவில் உள்ளது எங்கே உறிஞ்சப்படுகிறது என்று குறியுங்கள். கோட்டுக்குக் கீழே பாக்டீரியா எங்கே இருக்கிறது என்று புள்ளி வையுங்கள். இரும்பு உள்ளே போவது பெரும்பாலும் அந்த ஒரு சாண் டியோடினத்தில். பாக்டீரியா கிராமுக்கு 10,000 கோடி என்று நெருக்கிக்கொண்டு இருப்பது பெருங்குடலில். சாமான் இறங்குவது ஓசூரில், சுமை தூக்கும் ஆள் நிற்பது சேலத்தில். சேலத்தில் மூட்டையை அவிழ்த்து என்ன பிரயோசனம்? அதுவும் போக, ஈ. கோலையின் ஃபைட்டேஸுக்கு நன்றாக வேலை செய்யப் புளிப்பு வேண்டும், பி.எச். 4.5 சுமாருக்கு. பெருங்குடல் அவ்வளவு புளிப்பு கிடையாது.

ஒரு வாரம் அவள் தாளோடு மல்லுக்கட்டினாள். அடுத்த திங்கள்கிழமை வந்து, "மேடம், ஆயா ராகியை ஊற வச்சு முளை கட்டி அரைப்பாங்க, மாவை ராத்திரியே கரைச்சு வச்சுக் காலையில கூழ் காய்ச்சுவாங்க, இப்ப அம்மாவுக்கு நேரம் இல்ல, மில்லுல அரைச்ச மாவை நேரா களி கிண்டிடுறாங்க" என்றாள். அதைச் சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. முளை கட்டும்போது ராகி தன் சொந்த ஃபைட்டேஸைத் தயாரிக்கிறது, முளைக்க அதற்குப் பாஸ்பரஸ் வேண்டுமே. இரவில் கரைத்து வைத்தால் லாக்டிக் அமில பாக்டீரியா வந்து புளிக்க வைக்கிறது, அந்தப் புளிப்பு நொதிக்குத் தோதாகிறது. மறுநாள் அவள் ஒரு தூக்குப் போசியில் கரைசலைக் கொண்டுவந்தாள். பி.எச். தாளை விட்டுப் பார்த்தோம்: சாயங்காலம் கரைத்தபோது 6-க்குப் பக்கத்தில் இருந்தது, காலையில் 4-க்குப் பக்கத்தில். லேப் முழுக்க கூழ் வாசனை. அட்டெண்டர் அண்ணன் வந்து "மோர் மிளகாய் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

'யார் செய்வது' என்ற கட்டத்தில் எழுதியிருந்த ஈ. கோலையை அழித்துவிட்டு "பானை" என்று எழுதிக் கொடுத்தாள். முழு மதிப்பெண் போட்டேன். ஜீனைத் தொடாமலே வேலை முடியுமானால் தொட வேண்டாம், அதையும் இந்தத் தாள் சொல்ல வேண்டும்.

ஆக்ஸலேட்டுக்கு அப்படி ஒரு பானை வழி முழுசாகக் கிடையாது, கீரையை வேகவைத்துத் தண்ணீரை இறுத்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதனால் அந்தப் பழைய ஆக்ஸலேட் வடிவமைப்பையே எடுத்துக்கொண்டு மற்ற கட்டங்களைப் பார்ப்போம். மூன்று கேள்வியிலும் அது தேறும். ஆக்ஸலோபாக்டர் ஃபார்மிஜீனஸ் என்று ஒரு குடல் பாக்டீரியா ஆக்ஸலேட்டை மட்டுமே நம்பிப் பிழைக்கிறது. அதனிடம் இரண்டு நொதிகள் இருக்கின்றன, கூடவே ஆக்ஸலேட்டை உள்ளே இழுத்து, அது உடைந்து வரும் ஃபார்மேட்டை வெளியே தள்ளும் ஒரு வாசல் புரதம். எல்லாரும் நொதியை வரைந்துவிட்டு வாசலை மறந்துவிடுவார்கள். வாசலையும் வரையுங்கள்.

யார் செய்வது, எப்போது செய்வது

நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக 2016-இல் ஓர் இஸ்ரேல் குழு கணக்கிட்டது. நம் சொந்த செல்களே சுமார் 30 லட்சம் கோடிதான். ஆனால் அத்தனை பாக்டீரியாவையும் தராசில் வைத்தால் 200 கிராம் தேறும். இந்தக் கூட்டத்தில் நம் ஆள் யார்?

அதிகம் பேர் எடுப்பது ஈ. கோலை நிஸ்ல் 1917. முதல் உலகப் போரில் கூட இருந்தவர்கள் எல்லாம் பேதியில் விழ, ஒரு ஜெர்மன் சிப்பாய் மட்டும் தப்பித்தார். ஆல்ஃபிரட் நிஸ்ல் என்ற டாக்டர் அவர் மலத்திலிருந்து பிரித்தெடுத்தது இது. நூறு வருஷத்துக்கு மேல் மருந்தாகப் பழகியது, ஜீன் வேலைக்கு எளிதில் இணங்கும், ரொம்ப நாள் தங்காது. குறை ஒன்று உண்டு. டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும் கோலிபாக்டின் என்ற பொருளைச் செய்யும் ஜீன்களும் அதனிடம் இருக்கின்றன. எடுத்தால் அதை நீக்குவதாகவும் எழுதுங்கள். தங்கி வேலை செய்ய வேண்டுமானால் பாக்டீராய்ட்ஸ் குடும்பம். குடலின் பூர்வகுடி, ஆக்ஸிஜன் பட்டால் ஆகாது, மாற்றுவது கடினம், ஆனால் வேர் விட்டால் விட்டதுதான்.

எப்போது என்பது சுவிட்ச். ஜீன் பெட்டிக்கு முன்னால் ஓர் அம்பு வரைகிறோமே, புரமோட்டர், அதுதான். 1961-இல் பிரான்சில் ழாக்கோப்பும் மோனோவும், ஈ. கோலை லாக்டோஸைச் செரிக்க வைத்திருக்கும் லாக் ஓபரான் என்ற ஜீன் தொகுப்பை விளக்கியபோதே இந்த வித்தை தெரிந்துவிட்டது. லாக்டோஸ் வந்தால் திற, தீர்ந்தால் மூடு. குடலுக்கென்று நல்ல சுவிட்ச், ஆக்ஸிஜன் குறைந்தால் திறப்பது. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைக்கு அமெரிக்காவில் சின்லாஜிக் என்ற கம்பெனி நிஸ்லை மாற்றியபோது இதைத்தான் வைத்தது. அந்தக் குறை உள்ளவர்களுக்கு ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலம் உடம்பில் தேங்கி மூளையைக் கெடுக்கும், சாதாரணப் பருப்புச் சோறே விஷமாகிவிடும். பாக்டீரியா அதைச் சின்னமிக் அமிலமாக மாற்றும். லவங்கப் பட்டையின் பெயரால் வந்த அமிலம்தான். உடம்பு அதை ஹிப்புரிக் அமிலமாக்கிச் சிறுநீரில் தள்ளும். ஆகவே பாக்டீரியா வேலைக்கு வந்ததா, ஓபி அடித்ததா என்று சிறுநீரைப் பார்த்தாலே தெரியும். இப்படி ஒரு வருகைப் பதிவேடு உங்கள் வடிவமைப்பிலும் இருந்தால் நல்லது. அந்த மருந்தின் திருத்திய வடிவம் மூன்றாம் கட்டச் சோதனை வரை போய், இலக்கை எட்டாது என்று நடுவிலேயே தெரிந்ததால் 2024 பிப்ரவரியில் நின்றது.

சோம்பேறிக் கணக்கு

இப்போது பென்சிலைச் சீவிக்கொள்ளுங்கள். நாம் கொடுத்த வேலை பாக்டீரியாவுக்குப் பாரம். அதனால் அதற்கு ஒரு லாபமும் இல்லை. லேபில் ஈ. கோலை 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டாகும். வேலை செய்யும் ஆளுக்கு 22 நிமிஷம் ஆகிறது என்று வைப்போம், இரண்டே நிமிஷம்தான் வித்தியாசம். ஒரு நாளுக்கு 1,440 நிமிஷம். வேலையை உதறிய சோம்பேறி 72 முறை இரட்டிக்கும், வேலைக்காரன் 65 முறை, மீதி அரைகுறை. ஆறரை இரட்டிப்பு வித்தியாசம், அதாவது ஒரே நாளில் சோம்பேறியின் வம்சம் 90 மடங்கு முன்னால் நிற்கும். குடலில் இவ்வளவு வேகம் கிடையாது, ஆனால் கணக்கு இதே கணக்குத்தான், சில வாரம் தள்ளிப் போகும்.

இதைத் தடுக்க இரண்டு காரியம் எழுதலாம். ஜீனைப் பிளாஸ்மிட்டில் தொங்க விடாமல் குரோமோசோமில் பதியுங்கள், பிளாஸ்மிட் என்பது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சின்ன டி.என்.ஏ. வளையம், சட்டைப்பைச் சாவி மாதிரி எங்கேயாவது விழுந்துவிடும். இரண்டாவது, நம் ஆளுக்கு மட்டும் கிடைக்கும் சாப்பாடு ஒன்று வையுங்கள்.

இரண்டாவதுக்கு நோவோம் என்ற அமெரிக்கக் கம்பெனி எடுத்த சாப்பாடு போர்ஃபிரான். ஜப்பான்காரர்கள் சோற்றில் சுற்றிச் சாப்பிடும் நோரி என்ற கடற்பாசியில் உள்ள மாவுப்பொருள். ஜப்பானியர் குடல் பாக்டீரியா சிலவற்றுக்கு அதைச் செரிக்கும் ஜீன் உண்டு, கடல் பாக்டீரியாவிடமிருந்து வாங்கியது என்று 2010-இல் கண்டுபிடித்தார்கள். நோரி சாப்பிடாத ஊரில் அந்தப் பந்திக்குப் போட்டி கிடையாது. கிருஷ்ணகிரியில் கேட்கவே வேண்டாம், இலை மொத்தமும் காலி. நோவோம் ஒரு பாக்டீராய்ட்ஸ் வகைக்கு ஆக்ஸலேட்டை உடைக்கும் ஜீன்களையும் போர்ஃபிரானைச் செரிக்கும் ஜீன்களையும் கொடுத்தது. கூடவே, போர்ஃபிரான் இல்லாவிட்டால் வாழவே முடியாதபடியும் செய்தது. ஆகவே சாப்பாடும் அதுதான், வெளியேறும் கதவும் அதுதான். போர்ஃபிரான் பொடி கொடுப்பதை நிறுத்தினால் பாக்டீரியா கிளம்பிவிட வேண்டும்.

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2025-இல் சயன்ஸ் இதழில் வந்தது. தங்கியது. பொடியை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களிடமிருந்து கிளம்பியும் விட்டது. சிலர் குடலில் மட்டும் ஜீன் பிறழ்ந்து, போர்ஃபிரான் இல்லாமலேயே தங்கிக்கொண்டது. அந்தக் கட்டுரையை வகுப்பில் வாசித்தபோது பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "ஆடு வாங்கிக் கட்டிட்டாரு."

ஆகவே நாலாவது கட்டத்துக்குத் திரும்பப் போக வேண்டும். இந்த முறை கணக்கோடு. ஒரு பேச்சுக்கு, குடலில் நூற்றில் ஒரு பங்கு நம் ஆள் என்று வையுங்கள், அதாவது 38,000 கோடி. ஒரு பூட்டை உடைக்கும் பிறழ்வு 10 லட்சத்தில் ஒன்றுக்கு வரும் என்றால், தப்புகிறவை 3,80,000. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு 10 கோடியில் ஒன்று, அதைத் தொட்டாலும் 3,800 தப்பும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பூட்டு, இரண்டும் 10 லட்சத்தில் ஒன்று என்றால் பெருக்கிக்கொள்ளலாம். அப்போது ஒன்றுகூடத் தப்பாமல் போக வாய்ப்பு இருக்கிறது. 'சம்பந்தமில்லாத' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். இரண்டு பூட்டையும் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒரே அடியில் இரண்டும் போய்விடும், அக்கம்பக்கத்து பாக்டீரியாவிடமிருந்து ஒரு நீளத் துண்டு வந்து விழுந்தால் போதும். தாளில் குரோமோசோமை வட்டமாக வரைந்து, ஒரு பூட்டை 12 மணிக்கும் இன்னொன்றை 6 மணிக்கும் வையுங்கள்.

இந்த வருஷம் தேன்கனிக்கோட்டையிலிருந்து வரும் பெண் ஒருத்தி ஆக்ஸலேட் தாளை எடுத்திருக்கிறாள். முதல் பூட்டு போர்ஃபிரான், இரண்டாவது சுவருக்கான அமிலம் என்று ஆரம்பித்தாள். சுவருக்கான அமிலம் இல்லாவிட்டால் குடலுக்குள் பெருகவே முடியாதே, பிறகு எப்படித் தங்கும் என்று அவளே கண்டுபிடித்து அழித்தாள். தைமிடின் எழுதி, அதற்கும் அதே கதி என்று அழித்தாள். நேற்று பார்த்தேன். நாலாவது கட்டம் இருந்த இடத்தில் ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் ஓட்டையாகி, வேறொரு மாதத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டியிருந்தாள். அதன் மேல் பென்சிலில் பாதி அம்பு மட்டும் இருந்தது.